பாட்டுக்காரர் ஜன்னலோரம் நிற்கிறார்

பாலக்கோடு,
புதன்கிழமை காலை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கதிரவன் அவர்களுக்கு மாமனார் கிருஷ்ணப்பன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாடும் கன்றும் நலம். அங்கே தாங்களும், மகள் கவிப்பிரியாவும், பதினொரு நாளாகத் தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் சம்சாரம், அதாவது தங்கள் அத்தை மாதம்மாளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க நம் ஊர் மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். பெங்களூரில் மழை என்று டிவியில் சொன்னார்கள். டிவி இப்போது சமையற்கட்டில் இருக்கிறது. அது ஏன் அங்கே போனது என்பதும் இந்தக் கடிதத்தில் வரும்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். தங்களைக் கூப்பிட்டால் ‘மீட்டிங்ல இருக்கேன் மாமா’ என்கிறீர்கள். மகளைக் கூப்பிட்டால் ‘அம்மா குளிக்குதுப்பா’ என்கிறாள். ஒரு மனுஷி காலை பத்து மணிக்கும் குளிக்கிறாள், பகல் இரண்டு மணிக்கும் குளிக்கிறாள், சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்திலும் குளிக்கிறாள் என்றால், அவள் என்னோடு பேச விரும்பவில்லை என்பது எனக்குப் புரியாமலில்லை. கடிதமென்றால் பாதியில் யாரும் வெட்டிவிட முடியாது. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நடந்த எதற்கும் தங்கள் மேல் குற்றமில்லை. எழுதிக்கொண்டே போகும்போது இதை நான் மறந்துவிடக்கூடும் என்பதால் முன்னாலேயே எழுதி வைக்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது அந்த இரண்டு ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிபயரையும் காரிலிருந்து இறக்கி, ‘மாமா, இருபத்தெட்டு வருஷம் போர்வெல் வண்டியில வெயில்லயும் புழுதியிலயும் நின்னீங்க, இனிமே ஒக்காந்து பாட்டுக் கேளுங்க’ என்று சொன்னீர்கள். அப்போது நான் தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொண்டேன். கண்ணில் தூசி விழுந்தது என்று சொன்னேனே, அது தூசி இல்லை. யாரும் எனக்கு அப்படி ஒன்று வாங்கிக் கொடுத்ததில்லை. நீங்கள் கூடத்தில் டேப்பை வைத்து அளந்து, ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கருக்கும் எட்டடி, ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் நாற்காலிக்கு எட்டடி, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, இரண்டும் லேசாக என் பக்கம் திரும்பி, ஸ்பீக்கரின் சின்ன வாய் என் காது உயரத்துக்கு இருக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிட்டு, ‘சரியா வச்சா பாடறவரு ரெண்டுக்கும் நட்ட நடுவுல நின்னு பாடற மாதிரி இருக்கும் மாமா, ஆளையே பாக்கலாம்’ என்று சொல்லி காரில் ஏறிப் போனீர்கள். அன்று சாயங்காலம் நான் உட்கார்ந்தேன். பாடுகிறவர் வந்தார். ஆனால் நடுவில் நிற்கவில்லை. வலப்பக்கம் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

முதல் நாள், புது இடம், கூச்சப்படுகிறார் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் ஜன்னலோரம். அடுத்த நாளும் அங்கேயேதான். உங்களுக்குப் போன் செய்தேன். ‘இடது பக்கம் ஏதாவது மறைக்குதா பாருங்க மாமா’ என்றீர்கள். இடது பக்கம் இரும்பு பீரோ இருந்தது. அதை நானும் பக்கத்து வீட்டுத் தீர்த்தகிரியும் நகர்த்தினோம். அவனைத் தங்களுக்கு ஞாபகமிருக்கும், தக்காளி மண்டியில் ஏலம் கூவுகிறவன், என்னை மாமா என்று கூப்பிடுவான். பீரோ உள் அறைக்குப் போனது. உள் அறையிலிருந்த கட்டில் கூடத்துக்கு வந்தது. கட்டில் காலுக்கு இடமில்லாமல் டிவி சமையற்கட்டுக்குப் போனது. சமையற்கட்டிலிருந்த அரிசி டிரம் தலைவாசலுக்கு வந்தது. பாடுகிறவர் மட்டும் ஜன்னலை விட்டு நகரவில்லை. மறுபடி உங்களுக்குப் போன் செய்தேன். ‘ஸ்பீக்கர் ஆடக் கூடாது, கனமான ஸ்டாண்டு வேணும்’ என்றீர்கள். தீர்த்தகிரி நான்கு பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டி கொடுத்தான். உரச்சாக்கில் மணல் நிரப்பி, அதைப் பெட்டிக்குள் திணித்து, மேலே ஸ்பீக்கரை ஏற்றினேன். சாக்கில் எங்கேயோ எலி வைத்த ஓட்டை. இரண்டே நாளில் இடது ஸ்பீக்கர் பக்கம் ஒரு சின்ன மணல்மேடு. உங்கள் அத்தை தினம் மூன்று வேளை பெருக்கினாள். விளக்குமாற்றை மட்டும் கொஞ்சம் ஓங்கிப் போட்டாள்.

பிறகு எதிரொலி. ‘வெறும் சுவரு சத்தத்தத் திருப்பி அடிக்கும் மாமா, துணி ஏதாச்சும் தொங்க விடுங்க’ என்றீர்கள். வீட்டிலிருந்த நான்கு கம்பளியையும் தொங்கவிட்டேன். போதவில்லை. கேழ்வரகுச் சாக்கைப் பிரித்துத் தொங்கவிட்டேன். அதுவும் போதவில்லை. பீரோவைத் திறந்து கைக்கு முதலில் வந்த தடித்த துணியை எடுத்து மாட்டினேன். அது அவளுடைய முகூர்த்தப் பட்டு என்பது எனக்கு எப்படித் தெரியும், அதைக் கட்டியிருந்த அன்று நான் அவள் முகத்தைத்தானே பார்த்தேன் என்று சொன்னேன். நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

மின்விசிறிச் சத்தம் பாட்டைக் கெடுக்கிறது என்று நிறுத்தினேன். சித்திரை மாதம், மாப்பிள்ளை. குக்கர் விசில் அடித்தால் பாட்டு எங்கே போனது என்றே தெரியவில்லை. குக்கர் வேண்டாம் என்றேன். ‘சரி’ என்றாள். அன்றிலிருந்து காலையிலும் களி, மத்தியானமும் களி, ராத்திரியும் களி. ‘விசில் அடிக்காத சாப்பாடு எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதாங்க’ என்றாள். அதிலும் ஒரு சிக்கல். களி தின்றுவிட்டு உட்கார்ந்தால் உடம்பு இரண்டு விரல்கடை அமுங்கிவிடுகிறது, காது ஸ்பீக்கரின் வாய்க்குக் கீழே போய்விடுகிறது. அவளைத் தையல் டேப்போடு பக்கத்தில் நிற்கவைத்து, தரையிலிருந்து காது வரை சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு அளவும் பின்னால் ஒரு அளவும் எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தியவள் புருஷன் காதைத் தினம் ஆறு முறை அளக்கிறாள். இதெல்லாம் உங்களிடம் சொன்னாளா?

இன்னொன்றும் எழுதிவிட வேண்டும். நான் ஸ்பீக்கரை நகர்த்தும்போது நாற்காலியில் உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் வேண்டுமே. அவளைத்தான் உட்காரச் சொன்னேன்.

“செத்த இங்க குந்து. பாட்டுக்காரரு எங்க நிக்கறாரு?”

“நடுவுலதாங்க நிக்கறாரு.”

“பொய் சொல்லாத. அடுப்பப் பாக்கப் போவணும்னு சொல்ற.”

“நெசமாத்தாங்க. நடுவுல நிக்கறாரு. வயலின்காரரு இந்தக் கைப்பக்கம், கொஞ்சம் பின்னால தள்ளி. தபேலா அந்தக் கைப்பக்கம்.”

அவளை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்து பார்ப்பேன். எல்லோரும் ஜன்னலோரம் கூட்டமாக நிற்பார்கள். இவள் களைப்பில் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன். அதை அவளிடமும் சொன்னேன், ஒருமுறை அல்ல, பலமுறை. ‘எட்டாங்கிளாஸ்ல பாட்டுப் போட்டியில பரிசு வாங்கினவ நானு. எனக்குக் கேக்கறது கேக்கலன்னா சொல்றீங்க?’ என்று ஒருநாள் கேட்டாள். அவள் பரிசு வாங்கியது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முன்னாலேயே சொல்லியிருக்கிறாளாம்.

(கொஞ்சம் எழுந்து போய் இடது ஸ்பீக்கரை அரையடி முன்னால் இழுத்துவிட்டு வந்தேன். இதை ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மேலே படியுங்கள்.)

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். முந்தின நாள் நீங்கள், ‘தலைய ஒரு விரல்கடை அசைச்சாலும் படம் கலைஞ்சிரும் மாமா’ என்று சொல்லியிருந்தீர்கள். ராவெல்லாம் யோசித்து இரண்டு முடிவு எடுத்தேன். ஒன்று, கூடத்தில் நாற்காலியையும் ஸ்பீக்கரையும் தவிர ஒரு சாமானும் இருக்கக் கூடாது. இரண்டு, தலை அசையக் கூடாது. காலையில் அவள் மாட்டுக்குத் தீவனம் அறுக்கத் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, கட்டில், பெஞ்சு, அரிசி டிரம், தையல் மெஷின், பாய் தலையணை எல்லாவற்றையும் தெருவில் கொண்டுபோய் வைத்தேன். உடம்பெல்லாம் வேர்வை. குளித்துவிட்டு வெள்ளை வேட்டி கட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து, தலை அசையாமலிருக்க ஒரு துண்டைத் தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சிக்கு ஏற்றி, நாற்காலியின் பின்கட்டையோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். நம் பக்கம் செத்துப்போனவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தாடையைக் கட்டுவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

ஏலம் முடிந்து மண்டியிலிருந்து வந்த தீர்த்தகிரி தெருவில் கட்டிலைப் பார்த்திருக்கிறான். வாசலில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறான். கூடம் காலி. நடுவில் நான். மெதுவான ஒரு பாட்டு. ‘மாமா, மாமா’ என்று கூப்பிட்டானாம். அவன் கூப்பிட்டால் மண்டியில் கடைசி வண்டி வரைக்கும் கேட்கும். எனக்குக் கேட்கவில்லை. வாசல் எனக்கு இடது பக்கம். அவன் தோட்டத்துக்கு ஓடி, ‘அக்கா, மாமா போயிட்டாருக்கா, யாரோ நாற்காலியில கூட ஒக்கார வச்சுட்டாங்க’ என்று அலறியிருக்கிறான். என்னை நாற்காலியில் உட்காரவைத்தது யாரென்று ஒருவரும் யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் யார் யோசிப்பார்கள்?

அவள் ஓடிவந்து என் இடது தோளுக்குப் பக்கத்தில் நின்று, ‘ஏங்க… ஏங்க… ஏங்க…’ என்று மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். நான் கண்ணை மூடியபடி ஜன்னலோரப் பாட்டுக்காரரை நடுவுக்கு வரச் சொல்லி மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அடுத்தது என் மேல் ஒரு மூட்டை விழுந்தது போலிருந்தது. கண்ணைத் திறந்தால் உங்கள் அத்தை என் மடியில் விழுந்து கதறுகிறாள். நான் துள்ளி எழுந்தேன். துண்டு அவிழவில்லை. நாற்காலியும் என்னோடு எழுந்தது. நானும் நாற்காலியுமாக இடது ஸ்பீக்கர் மேல் சாய்ந்து, ஸ்பீக்கர் மணல்மேட்டில் விழுந்து, வாசலில் நின்றிருந்த பெண்கள் ‘அய்யோ எந்திரிச்சிட்டாரு’ என்று ஓட, தீர்த்தகிரி அரிசி டிரம் மேல் தடுக்கி விழுந்தான்.

அதற்குள் சேதி போய்விட்டது. இண்டூரிலிருந்து என் பெரியப்பா மகன் ரோஜா மாலையோடு பஸ் ஏறிவிட்டார். யாரோ போன் போட்டு ஃப்ரீசர் பெட்டி வண்டியும் வந்து வாசலில் நிற்கிறது. வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது மரியாதையா? தெருவிலேயே கட்டிலும் பெஞ்சும் இருந்தன, எல்லோரும் உட்கார்ந்தார்கள். டீ போட்டோம். என்ன நடந்தது என்று நான் விளக்கினேன். விளக்கி முடித்ததும், மாப்பிள்ளை, சாவுக்கு வந்த கூட்டம் ஸ்பீக்கருக்கு இடம் பார்க்கிற கூட்டமாக மாறிவிட்டது. இண்டூர் அண்ணன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டே, ‘கெழக்கப் பாத்து வைடா, தெற்க பாத்து வச்சா பாட்டு எப்பிடி வரும்’ என்றார். ஃப்ரீசர் பெட்டி வண்டிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முழுப் பாட்டும் கேட்டார். ‘நல்லாத்தானுங்க இருக்குது. நடுவுல நின்னு பாடறாரு’ என்றார். அவருக்குப் பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் பாட்டுக்காரர் நடுவில்தான் நின்றார். எனக்கு மட்டும்தான் ஜன்னலோரம்.

கூட்டம் கலைந்து போனது. அவள் அழுது முடித்து, முகம் கழுவி, தலைவாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

“மூணு தடவ கூப்பிட்டேனுங்க. காதுக்குப் பக்கத்துலயே.”

“மெதுவாக் கூப்பிட்டிருப்ப.”

“கத்துனேன்.”

பிறகு என் இடப்பக்கம் வந்து நின்றாள். அவள் உதடு அசைவதைப் பார்த்துவிடாமல் என் முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து முன்னால் வந்து, ‘நான் இன்னா சொன்னேன்?’ என்று கேட்டாள். ‘இன்னும் நீ ஒண்ணும் சொல்லலியே’ என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு, சட்டையை மாட்டிக்கொண்டு வாருங்கள் என்று அவள் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசவில்லை.

தர்மபுரியில் காது டாக்டரிடம் போனோம். ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்றார்கள். வலது காதுக்குத் தூக்கிக்கொண்டே இருந்தேன். பிறகு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். மெஷின் கெட்டுவிட்டது போல என்று நினைத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தால், மெஷின் பார்க்கிற பெண் அவ்வளவு நேரமும் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். டாக்டர் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். போர்வெல் வண்டி, டிரில்லர் என்றேன். லீவரைப் பிடித்து நிற்கும்போது அந்த இரைகிற கம்ப்ரசர் எந்தப் பக்கம் இருக்கும் என்றார். இடது பக்கம் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். ‘இடது காது இன்னைக்கு நேத்து போனதில்லைங்க. இருபது, இருபத்தஞ்சு வருஷம் ஆயிருக்கும். கொஞ்சங்கொஞ்சமாப் போனதால உங்களுக்குத் தெரியல. இனி ஸ்பீக்கர எங்க வச்சாலும் உங்களுக்குப் பாட்டு வலது பக்கந்தான்’ என்றார்.

எனக்குத் தெரியவேயில்லை என்றால் நம்புவீர்களா? என் இடப்பக்கம் நிற்கிறவர்களெல்லாம் மரியாதைக்காகக் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். வண்டியிலும் எனக்கு ஒரு மரியாதை உண்டு, டிரில்லர் கிருஷ்ணப்பன் என்றால் பையன்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்று பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வாய் திறந்து என்னென்ன பேசினார்களோ.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் பழக்கத்தில் ஜன்னலோரம், என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியதும் எழுந்து, என்னை நகரச் சொல்லி வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். பிறகு விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள்.

“வூட்டுல நான் படுக்கறது உங்களுக்கு எந்தப் பக்கம்? இடது. பந்தியில குந்தறது எந்தப் பக்கம்? இடது. டிவிஎஸ் வண்டியில பின்னால குந்திக்கிட்டு வந்தா, என் வாயி உங்க எந்தக் காதுக்குக் கிட்ட?”

நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“கவிக்கு மூணு வயசு. சந்தைக்குப் போயிட்டு வந்தோம். பால்வாடி டீச்சருக்கு எனக்கு ஆர்டர் வந்துக்குது, போவட்டுங்களான்னு வண்டியில வரப்பக் கேட்டேன். மேம்பாலத்துக்கிட்ட ஒருவாட்டி கேட்டேன், ஏரிக்கரையில ஒருவாட்டி கேட்டேன். நீங்க பேசாம வண்டி ஓட்டிக்கிட்டு வந்தீங்க. அவருக்கு இஷ்டமில்ல, வாயத் தொறந்து வேண்டாம்னு சொல்லாம மரியாதையா இருக்காருன்னு நெனச்சேன். வூட்டுக்கு வந்து கிழிச்சு அடுப்புல போட்டேன்.”

“என்கிட்ட நேருக்கு நேரா ஒருவாட்டி கேட்டிருக்கலாமில்ல?”

“மூணாவது வாட்டியும் கேக்கணுமா?”

பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். மறுநாள், ‘எனக்குக் கோவமெல்லாம் இல்லைங்க. எதெது கேட்டீங்க, எதெது கேக்கலன்னு ஒண்ணும் வெளங்கல. பத்து நாளு கவி வூட்டுல இருந்துட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டு, மாவு ஆட்டி வைத்துவிட்டு, ராயக்கோட்டை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினாள். கோபம் என்றால் சமாளித்திருப்பேன். அந்த ‘வெளங்கல’தான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது.

பதினொரு நாளாக நான் இந்த வீட்டில் என்ன செய்கிறேன் தெரியுமா? தெருவிலிருந்து சாமானை உள்ளே கொண்டுவந்தேன். எது எங்கே இருந்தது என்று ஞாபகம் வரவில்லை. வைக்கிறேன், நகர்த்துகிறேன், மறுபடி வைக்கிறேன். அவளுக்குத்தான் தெரியும். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு, கட்டினேனா என்று மூன்று முறை போய்ப் பார்க்கிறேன். அவள் சொல்லி நான் கேட்காமல் விட்டது இன்னும் என்னென்ன இருக்கும் என்று நினைத்தால் நிற்கவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. அவளுடைய அம்மா செத்த வருஷம், முற்றத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசாமலிருந்தாளே என்று ஒரு ஞாபகம் இருக்கிறது. பேசாமலிருந்தாளா? எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்?

ஒரு உண்மையையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அன்று டிவிஎஸ் வண்டியில் அவள் கேட்டது என் காதில் விழுந்திருந்தால் ‘சரி, போ’ என்று சொல்லியிருப்பேனா என்று நேற்று பகல் முழுக்க யோசித்தேன். சொல்லியிருப்பேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது, மாதத்தில் இருபது நாள் ஆந்திராவில் வண்டியோடு கிடப்பேன், குழந்தையை யார் பார்ப்பது என்று கேட்டிருப்பேன். மறுத்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. பழியைக் கம்ப்ரசர் மேல் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. இதையும் அவளிடம் சொல்ல வேண்டும். முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் போதாது.

ஆகவே மாப்பிள்ளையிடம் நான் கேட்டுக்கொள்வது மூன்றே காரியம். முதலாவது, இரண்டு ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிபயரையும் நீங்கள் கொண்டுவந்த அதே அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டி வைத்துவிட்டேன். (கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அரையடி இழுத்தது கட்டுவதற்கு முன்னால்.) ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போய்விடுங்கள். நீங்கள் மனசார வாங்கிக்கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறேனே என்று வருத்தப்பட வேண்டாம். ஒற்றைக் காதுக்காரனுக்குப் பழைய ரேடியோ போதும். இரண்டாவது, வரும்போது உங்கள் அத்தையையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். குக்கர் வைக்கலாம், விசிறி போடலாம், டிவி கூடத்துக்கு வரும், பட்டுச்சேலையை மடித்து வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். மடிப்புச் சரியில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள், பிறகு பார்த்து அதிர்ச்சி அடையக்கூடாது. மூன்றாவது, இத்தனை வருஷமாகச் சொன்னதையெல்லாம் என் வலப்பக்கம் உட்கார்ந்து முதலிலிருந்து இன்னொருமுறை அவள் சொன்னால், எவ்வளவு நாளானாலும் எழுந்திருக்காமல் கேட்கிறேன் என்று சொல்லுங்கள். இதை மட்டும் சிரிக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சிரிப்புக் காட்டிப் பேசுகிறவர் என்பதால் சொல்கிறேன்.

தங்கள் வேலை நல்லபடி நடந்து, மீட்டிங்குகள் குறைந்து, மகளும் தாங்களும் ஒருவர் பேச்சை ஒருவர் முகம் பார்த்துக் கேட்டு நீடூழி வாழ இந்த மாமனாரின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மேலே எங்கேயாவது உங்கள் மேல் குற்றம் சொல்வது போல் எழுதியிருந்தால் அது பேனாவின் குற்றம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
கி. கிருஷ்ணப்பன்,
டிரில்லர் (ஓய்வு).

பின்குறிப்பு: மேலே கேட்ட மூன்று காரியத்தையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டப்போகிற நேரத்தில் உங்கள் அத்தையிடமிருந்து போன் வந்தது. குளிக்கவில்லையாம். எடுத்ததும், ‘எந்தக் காதுல வச்சிருக்கீங்க?’ என்றாள். ‘வலது’ என்றேன். ‘சரி, கேளுங்க. மாப்பிள்ள வூட்டுலயும் ரெண்டு ஸ்பீக்கர் இருக்குதே, அதுல பாட்டு நடுவுல வரவே இல்லைங்க. ஒண்ணு சொவத்துல ஒட்டிக்கிட்டுக் கெடக்குது, இன்னொண்ணு பூந்தொட்டிக்குப் பின்னால. பத்து நாளாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், எனக்குப் பொறுக்கல. அவரு ஆபீஸ் போனதும் நானும் கவியும் எல்லாத்தையும் நவுத்திட்டோம். ஆனா தையல் டேப்புல சரியா அளக்க முடியல. அந்தப் பெரிய டேப்ப எடுத்துக்கிட்டு வாங்க. எனக்கும் உங்ககிட்டப் பேசறதுக்கு நெறைய இருக்குது’ என்றாள். மாட்டைத் தீர்த்தகிரி பார்த்துக்கொள்கிறான். நான் பகல் பஸ்ஸில் கிளம்புகிறேன். இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் நான் வந்துவிடுவேன் என்றாலும், எழுதியது எழுதியதுதான் என்று தபாலில் போட்டுவிட்டே வருகிறேன். கடிதம் வந்ததும் நீங்கள் படிக்காமல் அவள் கையில் கொடுத்துவிடுங்கள். இங்கே கட்டிவைத்த பெட்டியைப் பிரித்துவிட்டேன். அதுவும் இங்கேயே இருக்கட்டும், கேட்க ஆள் இருக்கிறது. தங்கள் சோபா இப்போது பால்கனியில் இருக்கிறதாம். மாப்பிள்ளை வீட்டுச் சாமான் ஆயிற்றே, அங்கே மழை பெய்கிறதாமே என்று கேட்டேன். ‘எட்டடி வேணும், ஏழுதான் வருதுன்னு நானே தவிச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க மழையப் பத்திப் பேசறீங்க’ என்றாள்.